இல்லை என்கிற பக்கம்

"நான் பொய் சொல்லலைன்னுதான் சொல்ல வரேன், நீ முழுசாக் கேட்டா..."

"முழுசாக் கேட்டுக் கேட்டுத்தான் இப்படி நிக்கிறேன். நீங்க வாயைத் திறக்கும்போதே முடிவு எனக்குத் தெரிஞ்சுடுது, இதுல..."

"ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, 'நான் கடவுளை நம்பலை'ங்கிற வாக்கியம் என் வாயிலேருந்து வந்திருக்கா? யோசிச்சுச் சொல்லு."

"முதல்ல அந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைங்க. சட்டை தீயுது."

நிமிர்த்தி வைத்தார். அதற்குள் காலர் ஓரத்தில் பழுப்பாக ஒரு பிறை விழுந்துவிட்டது. அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், அந்தப் பிறைக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல.

"யோசிச்சாச்சு," என்றாள். "வரலை. அப்படி ஒரு வாக்கியம் உங்க வாயிலேருந்து வந்ததே இல்லை. கெட்டிக்காரர்தான்."

"அப்ப?"

"அப்பவுமில்லை, இப்பவுமில்லை. வேற ஒருத்தி இருந்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது. அவ வீட்டு வாசல்ல போய் நின்னு நாலு கேள்வி கேட்டுட்டு வந்திருப்பேன். இந்தக் கடவுளை நான் எங்கே போய்ப் பிடிக்கிறது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை விழுங்கினார். விழுங்கினதையும் அவள் பார்த்துவிட்டாள். நீண்ட நாள் ஒரே சமையலறையில் புழங்கிய இரண்டு பேர் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரு சிரிப்பைக்கூட மறைக்க முடியாது என்றுதான் அவள் நேற்று சாயங்காலம் வரை நினைத்திருந்தாள்.

இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுப்பவர்கள். ஒரே துறை, ஒரே அறை, எதிரெதிரே இரண்டு மேஜை. பிள்ளைகள் அவருக்கு 'ஆகவே சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் ஆகவே போடுவார், காபி கேட்டாலும் ஆகவே போட்டுத்தான் கேட்பார். அவள் 'ஏன் மேடம்'. விடைத்தாள் ஓரமெல்லாம் 'ஏன்?' 'ஏன்?' என்று சிவப்பு மையில் கேட்டு வைப்பாள். "ஆகவேக்கும் ஏனுக்கும் கல்யாணம் ஆனா வீட்டுல யாருப்பா சமைப்பாங்க?" என்று பிள்ளைகள் கேட்பது இரண்டு பேர் காதிலும் விழும். மாறி மாறித்தான் சமைத்தார்கள்.

இந்தச் சண்டை ஒரு சால்வையில் ஆரம்பித்தது.

நேற்று சாயங்காலம் அவளுடைய தங்கை வந்திருந்தாள். அம்மா கடைசிக் காலமெல்லாம் தங்கை வீட்டில்தான் படுக்கையில் இருந்தாள். அம்மா போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. இப்போதுதான் தங்கைக்கு அந்த அலமாரியைத் திறக்க மனசு வந்ததாம். பையிலிருந்து சாம்பல் நிறச் சால்வை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது அத்தானுக்கு, அக்கா."

"அவருக்கு எதுக்குடி? குளிர்லயே மின்விசிறி போட்டுக்கிற மனுஷன்."

"அம்மா அவருக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க. ரெண்டு பேரும் கும்பிடும்போது இதைத்தானே விரிச்சுப்பாங்க, மடிமேல, ஆளுக்கு ஒரு முனையா."

"எந்த ரெண்டு பேரு?"

"என்னக்கா, விளையாடுறியா? அம்மாவும் அத்தானும்தான். அத்தான் கண்ணை மூடினா லேசுல திறக்க மாட்டாரு. 'போதும் மாப்பிள்ளை, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு, கடவுளுக்கும் காது வலிச்சிருக்கும்'னு அம்மாதான் நிறுத்துவாங்க." சொல்லிச் சிரித்த தங்கை, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உனக்குத் தெரியும்தானே?"

"தெரியுமே," என்றாள் இவள்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். அம்மாவுக்குத் தரமாட்டேன் என்று அவ்வளவு கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தது, தங்கையிடம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அம்மா கடைசி நாட்களில் கேட்டது அதிகமில்லை. தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு மூத்த மகளின் விரலைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை சொல்லுடி. 'கடவுள் உன்னைப் பாத்துப்பாரும்மா'ன்னு சொல்லு. தங்கச்சி சொல்லிட்டா, அக்கம்பக்கமெல்லாம் சொல்லிட்டாங்க. அவங்க எதையும் சொல்வாங்க. நீ சொன்னாத்தான் எனக்குத் தைரியம், நீ யோசிக்காம எதையும் சொல்ல மாட்டே."

இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. காரணமில்லாததைச் சொல்வதில்லை, ஒத்துக்கொள்வதுமில்லை என்பதில்தான் அவள் வாழ்க்கையே நின்றது. அதைச் சொல்லித்தான் சடங்கில்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்காக அம்மா வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததையும் தாங்கிக்கொண்டாள். "நான் இருக்கேம்மா," என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.

"நீ இருக்கே," என்றாள் அம்மா. "போறது நான்தானே." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு மகளிடம் அதைக் கேட்கவில்லை. கேட்க நாளும் அதிகம் மிச்சமில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவரிடம்தான் அழுதாள். இவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "நீ நம்பாததை நீ சொல்லலை. சரியாத்தான் செஞ்சிருக்கே," என்றார். அந்த வாக்கியத்தின் மேல் சாய்ந்துகொண்டுதான் அவள் அம்மாவின் சாவைக் கடந்து வந்தாள்.

"நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?" காலர் தீய்ந்த சட்டையை மடித்துக்கொண்டிருந்த அவரிடம் இப்போது கேட்டாள்.

"சரின்னு பட்டது, சொன்னேன். நீ நம்பலை. ஆகவே நீ சொல்லியிருந்தா அது..."

"ஆகவே வேண்டாம். வீட்டுல வேண்டாம். சனிக்கிழமையானா எங்கே போறீங்கன்னு கேட்டேனே?"

"அத்தையைப் பாக்கன்னு சொன்னேன். அத்தையைத்தான் பாத்தேன்."

"பேப்பர் படிச்சுக் காட்டுறீங்களான்னு கேட்டேன்."

"'அதுவும்தான்'னு சொன்னேன்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. சொல்லியிருந்தார். 'அதுவும்தான்.' செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல். அந்த 'உம்'முக்குள் அம்மாவும் இவரும் ஒரு சால்வையும் இன்னொருவரும் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அவள் கேட்காமல் விட்டாள். ஊரார் விடைத்தாளில் எல்லாம் ஏன் ஏன் என்று கேட்டவள்.

கல்யாணத்துக்கு முன்னால் நூலக மாடிப்படியில் நின்று கேட்டதும் நினைவுக்கு வந்தது. "உங்களுக்குக் கடவுள் உண்டா?" அவர் புத்தகத்தைக் கை மாற்றிக்கொண்டு சொன்னார்: "நான் பாத்த நிரூபணம் எதுவும் நிக்கலை." அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை இவள் போட்டுக்கொண்டாள். நிரூபணம் நிற்கவில்லை, ஆகவே இவர் நம்பவில்லை, ஆகவே இவர் நம்ம ஆள். இப்படி எழுதுகிற பிள்ளைகளுக்கு அவள் சுழிதான் போடுவாள்.

"இன்னிக்கு மத்தியானம் நீங்க 'உண்டு'ங்கிற பக்கம் பேசுங்க," என்றாள்.

"அது முடியாது."

"ஏன்?"

"விதி இருக்கே."

"யார் போட்ட விதி?"

"நாமதான் போட்டோம். நீயும் நானும்."

அது அந்தத் துறையின் வழக்கம். முதலாண்டுப் பிள்ளைகள் தர்க்கத்தில் அரிச்சுவடி முடித்ததும் ஒரு மத்தியானம் பெரிய வகுப்பறையில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடுவார்கள். பேசுகிறவர் தாம் நம்பாத பக்கத்தைத்தான் பேச வேண்டும். நம்புகிற பக்கத்தைப் பேசினால் கோபம் வரும், நம்பாத பக்கத்தைப் பேசினால்தான் வாதம் வரும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து வைத்தது. இவள் நம்பாதவள், ஆகவே 'உண்டு' இவளுக்கு. அவர் 'இல்லை'யை எடுத்துக்கொண்டார். "நீங்களும் நம்பாதவர்தானே, விதி இடிக்குதே?" என்று இவள் அன்றைக்கே கேட்டாள். "யாராவது ஒருத்தர் அங்கே நிக்கணுமே," என்றார். அதுவும் உண்மைதான். இவள் சிரித்துவிட்டு விட்டாள். வருஷா வருஷம் கண்ணுக்கு முன்னால் கரும்பலகையில் எழுதிப் போட்ட மாதிரி நின்றிருக்கிறது. நம்பாத பக்கத்தைப் பேசு என்று விதி. மனுஷர் விதியை மீறாதவர். அவர் பேசினது 'இல்லை'.

மத்தியானம் துறைக்கு டீ கொண்டுவந்த அட்டெண்டர் அக்கா இரண்டு கோப்பையையும் வைத்துவிட்டு நின்றாள்.

"இந்த வருஷமாவது ஒரு முடிவு சொல்லிடுவீங்களா மேடம், உண்டா இல்லையான்னு? முட்டி வலிக்கு யார்கிட்ட முறையிடுறதுன்னு தெரியாம இருக்கேன்."

"டாக்டர்கிட்ட முறையிடு," என்றாள் ஏன் மேடம்.

"அவரும் இருக்காரா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது, போனாலே பூட்டிக் கிடக்குது," என்று சொல்லிவிட்டு அக்கா போனாள். ஆகவே சார் வாய்விட்டுச் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. எதிர் மேஜையில் அவர் சிரிப்பு தனியாகக் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு அடங்கியது.

பெரிய வகுப்பறை நிரம்பியிருந்தது. ஜன்னல் கட்டையிலும் பிள்ளைகள். முதலில் 'உண்டு'. அவள் எழுந்து தன் வழக்கமான சாவிக் கதையை எடுத்தாள்.

"எனக்கு ஒரு கதவு திறக்கணும். பக்கத்துல இருக்கிறவர்கிட்ட சாவி கேக்கிறேன். 'என்கிட்ட இல்லை, அடுத்தவர்கிட்ட வாங்கித் தரேன்'னு சொல்றார். அடுத்தவரும் அதையே சொல்றார். வரிசை எவ்வளவு நீளமா வேணா இருக்கட்டும், எல்லாரும் கடன் வாங்கித் தரவங்களாவே இருந்தா சாவி என் கைக்கு வருமா?"

"வராது," என்றது வகுப்பு.

"ஆனா கதவு திறந்திருக்கு. உலகம்னு ஒண்ணு இருக்கு, நீங்க உள்ள உக்காந்து கொட்டாவி விடுறீங்க. அப்ப வரிசையில எங்கேயோ ஒருத்தர், யார்கிட்டயும் வாங்காம சாவி வச்சிருக்கிறவர், இருந்தாகணும்."

கைதட்டினார்கள். நன்றாகத்தான் சொன்னாள். எப்போதையும்விட நன்றாக. இல்லாத ஒருவருக்காக இவ்வளவு உழைக்கிறோமே என்று முந்தைய வருஷங்களில் உள்ளுக்குள் சிரிப்பு ஓடும். இன்றைக்கு ஓடவில்லை.

அவர் எழுந்தார். சாவிக்காரரை இரண்டு தட்டில் தட்டினார். வாங்காமல் வைத்திருக்க ஒருவரால் முடியும் என்றால், கதவு தானே திறந்திருக்க ஏன் முடியாது? சரி, ஒருவர் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம், அவர் நல்லவர் என்று சாவி சொல்கிறதா? பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இனிமேல்தான் அவருடைய ஆட்டம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

"ஒரு குழந்தை காய்ச்சல்ல கிடக்குது. தண்ணி கேக்குது. பக்கத்து அறையில ஒருத்தர் இருக்கார். அவருக்குக் காது கேக்கும். எழுந்து வர முடியும். குழந்தைமேல கொள்ளை அன்பாம், எல்லாரும் சொல்றாங்க. குழந்தை ராத்திரியெல்லாம் கேக்குது. அவர் வரலை. ஒண்ணு, அவருக்குக் கேக்கலை. இல்லை, முடியலை. இல்லை, அன்பு இல்லை. இந்த மூணும் இல்லைன்னா..." நிறுத்தினார். "அந்த அறையில யாரும் இல்லை."

வருஷா வருஷம் கேட்ட அதே வார்த்தைகள். எத்தனை அழகாக இல்லை என்கிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டே கேட்டவள், இன்றைக்குக் குரலைக் கேட்டாள். 'வரலை' என்கிற இடத்தில் அது உடைந்தது. எப்போதும் உடைந்திருக்கிறது. அதை மேடைத் திறமை என்று எடுத்துக்கொண்டிருந்தாள். இல்லாத ஒருவரை யாராவது இப்படி, வருஷம் தவறாமல், உறவுக்காரரைக் கேட்பதுபோலக் கேட்பார்களா? தன் வீட்டு ஆளிடம் உரிமையோடு போடுகிற சண்டை அது. ஊர் முன்னால் அவர் தினமும் பேசுகிறவரிடமே பேசிக்கொண்டிருந்திருக்கிறார், இவளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு.

மறுப்பு சொல்ல அவள் முறை. சாக்பீஸை எடுத்தாள். கரும்பலகையில் எழுதினாள்.

இந்த அறையில் பேசுகிறவர் தாம் நம்பாத பக்கத்தையே பேசுவார்.

சார் பேசுவது: கடவுள் இல்லை.

"மூணாவது வரி நீங்க சொல்லுங்க," என்று வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். அவரைப் பார்க்கவில்லை.

முன் பெஞ்சில் ஒரு பெண் கையை வாயில் வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ, "அடப்பாவி, ஆகவே சார்..." என்று ஆரம்பிக்க, மொத்த வகுப்பும் சேர்ந்து முடித்தது: "ஆகவே சார் நம்பறார்." சிரிப்பும் கைதட்டலும் கூரைக்கு ஏறின.

அவள் காத்திருந்தாள். அடங்கட்டும் என்று காத்திருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவர் சொன்னால் போதும், வீட்டுக்குப் போய் எப்படியாவது மிச்சத்தை ஜீரணித்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கரும்பலகையைச் சாவகாசமாகப் படித்தார்.

"வடிவம் சரியா இருக்கு," என்றார். "குத்தம் சொல்ல முடியாது. ஆனா வடிவம் சரியா இருந்தா முடிவு உண்மையாயிடுமா? முதல் வாரமே பாத்தோமே. முதல் வாக்கியம் உண்மையான்னு யாருக்குத் தெரியும்? மேடம் ஒரு விதியைச் சொல்றாங்க. விதி இருந்தா மீறுறவங்களும் இருப்பாங்க. ஆகவே..."

"ஆகவே..." என்று வகுப்பு கத்தியது.

"ஆகவே, வகுப்பு முடிஞ்சுது."

பெஞ்சுகள் இடிபட, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். போகிற போக்கில் ஒருத்தி, "சூப்பர் மேடம், சாரையே மடக்கப் பாத்தீங்களே," என்றாள். அவள் கரும்பலகையை அழித்தாள். இரண்டு வரியையும் அழித்த பிறகும் துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

துறை அறைக்கு வந்ததும் அவர் கதவைச் சாத்தினார்.

"பிள்ளைங்க முன்னாடி அப்படிச் செஞ்சிருக்க வேண்டாம்."

"வீட்டுலயும் சொல்ல மாட்டீங்க, வெளியிலயும் சொல்ல மாட்டீங்க. அம்மாவோட கட்டில் பக்கத்துல மட்டும்தான் சொல்வீங்களா?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது?" முதல் தடவையாக அவர் குரலில் ஆகவே இல்லை. "மாடிப்படியில நின்னு என்னை எப்படிப் பாத்தே, தெரியுமா? உனக்கு அப்ப என்கிட்ட பிடிச்சது அது ஒண்ணுதான். அதை எடுத்துட்டா நான் யாரு? இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பாத்தேன். அப்புறம் சொன்னா, 'ஏன் இவ்வளவு நாள் சொல்லலை'ன்னு கேப்பேன்னு பயம். நாள் ஆக ஆக அந்தப் பயம்தான் பெருசாச்சு."

"சொல்லியிருந்தா நான் என்ன, வீட்டை விட்டா போயிருப்பேன்?"

"தெரியாது. தெரிஞ்சுக்க எனக்குத் தைரியம் இல்லை."

"எனக்கு மட்டும் தைரியம் எங்கேருந்து வந்துது? நாம ரெண்டு பேரும் ஒரு பக்கம் நிக்கிறோம்னு நினைச்சுத்தான் அம்மா கையை உதறினேன். தனியா நிக்கிறேன்னு தெரிஞ்சிருந்தா ஒருவேளை சொல்லித் தொலைச்சிருப்பேன். இல்லை, தனியா நின்னுதான் மறுத்திருப்பேன். எதுவா இருந்தாலும் அது என்னுதா இருந்திருக்கும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையில் கோப்பைகள் ஆடை கட்டிக் கிடந்தன. இரண்டு பேருமே டீயைக் குடிக்கவில்லை.

"ஒரு விஷயம் இருக்கு," என்றார். "இதையும் யார்கிட்டயோ கேட்டு நீ தெரிஞ்சுக்கக் கூடாது."

"இன்னும் இருக்கா?"

"காலையில நான் பொய்யே சொன்னதில்லைன்னேன். உன்கிட்டதான் சொன்னதில்லை. அத்தைகிட்ட சொன்னேன். ஒண்ணே ஒண்ணு." ஆறிப்போன கோப்பையைத் தள்ளி வைத்தார். "நீ மறுத்ததுக்கு அப்புறம், கடைசிக்கு முந்தின சனிக்கிழமை. கும்பிட்டு முடிச்சதும் என் கையை விடலை. 'மாப்பிள்ளை, என் பொண்ணுக்கு மனசுக்குள்ளயாவது கொஞ்சம் இருக்கா? இல்லை, சுத்தமா இல்லையா?'ன்னு கேட்டாங்க. நான்... 'இருக்கு அத்தை. தினமும் உங்களுக்காக வேண்டிக்கிறா. வாய்விட்டுச் சொல்ல வராது அவளுக்கு'ன்னேன்."

வராந்தாவில் யாரோ பிள்ளைகள் ஓடினார்கள். காலடிச் சத்தம் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. தான் சொல்ல மறுத்ததை, தன் பேரில், தனக்குத் தெரியாமல், இவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இவள் அழுதபோது தண்ணீர் கொண்டுவந்து வைத்து, நீ செய்ததுதான் சரி என்றவரும் இவர்தான். திட்ட வாயெடுத்தாள். திட்டு வரவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று கண்முன் வந்து நின்றது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த முகம்.

"என்னைப் பாருங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா அதை நம்பினாங்களா?"